காய்ச்சல் அடிக்காமலும் கிருமி வரும்: உறுப்பு மாற்றி ஊர் திரும்பியவர்களுக்கு

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டு சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பியிருப்பீர்கள். கையில் ஒரு பை மாத்திரை, ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, "கூட்டத்துக்குள் போகாதீங்க, மாஸ்க் போடுங்க" என்ற அறிவுரை. நகரத்து அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது பாதி வழியாவது போதும். நமக்குப் போதாது. வயல், தொழுவம், வாய்க்கால், ஆற்றுக் குளியல், கோயில் தீர்த்தம், தெருமுனை ஊசி டாக்டர் என்று நம் வாழ்க்கையே வேறு.

எங்கள் வீட்டில் என் கணவருக்கு என் அத்தை கொடுத்த சிறுநீரகம்தான் வேலை செய்கிறது. சேரன்மகாதேவிப் பக்கம் நெல்லும் இரண்டு மாடும் வைத்துப் பிழைக்கிறோம். அதனால் பாக்டீரியாத் தொற்று விஷயத்தில் ஆஸ்பத்திரியில் சொன்னதோடு, நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உரியதையும் சேர்த்து எழுதுகிறேன். எந்த மருந்தை எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதை, எப்போது கொண்டுபோய்ச் சொல்வது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புது உறுப்பை உடம்பு அந்நியமாகத்தான் பார்க்கும். விட்டால் தாக்கி அழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் என்ற மூன்றும். சிலருக்கு இவற்றில் ஒன்றுக்குப் பதிலாக சைக்ளோஸ்போரினோ அசதியோப்ரினோ எவரோலிமஸோ இருக்கும். எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வெள்ளை அணுக்களை அடக்கி வைப்பது.

காய்ச்சல், சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் கிருமியோடு நம் உடம்பு போடும் சண்டையின் அடையாளங்கள். சண்டை போடுகிறவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் சத்தம் குறையும், திருடன் உள்ளேதான் இருப்பான். மற்றவர்களுக்கு 103 அடிக்கிற நோயில் நம் ஆளுக்கு 100-ஐத் தொடாமலும் போகலாம். ஸ்டீராய்டு (பிரெட்னிசோலோன் அந்த வகைதான்) சாப்பிடுகிறவருக்கு வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தாலும் வலி லேசாகத்தான் தெரியும். "நல்லாத்தான் இருக்கேன், கொஞ்சம் அசதி" என்ற பேச்சைக் கேட்டால் நான் உடனே தெர்மாமீட்டரை எடுப்பேன்.

இன்னொன்று, ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாத கிருமிகளும் இவர்களிடம் சந்தர்ப்பம் பார்த்து நுழைந்துவிடும். மண்ணில் இருப்பது, தண்ணீரில் இருப்பது, நம் குடலிலேயே சும்மா கிடப்பது, சிறு வயதில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தூங்குகிற காசநோய்க் கிருமி எல்லாம் இதில் சேர்த்தி.

உறவுக்காரர்கள் பார்க்க வரும்போது "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று கஷாயப் பொடியும் லேகியமும் கொண்டுவருவார்கள். அன்புதான். ஆனால் நாம் காசு கொடுத்து மருந்து வாங்கி அடக்குவதே அந்தச் சக்தியைத்தான். போதாததற்கு, சில மூலிகைகள் ரத்தத்தில் உள்ள டாக்ரோலிமஸ் அளவையே ஏற்றி இறக்கிவிடும். வாங்கி அலமாரியில் வையுங்கள், வாயில் வைக்க வேண்டாம். பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

மாதக் கணக்கு

எந்தக் கிருமி எப்போது வரும் என்பதற்கு ஒரு தோராயமான கணக்கு உண்டு. முதல் மாதத்தில் வருபவை பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கிருமிகள். தையல் போட்ட இடம், மூத்திரக் குழாய், கழுத்தில் போட்ட ஊசிக் குழாய், நுரையீரல் வழியாக வரும். சிறுநீரகம் மாற்றும்போது உள்ளே ஒரு ஸ்டென்ட் (மூத்திரப் பாதையில் வைக்கும் சின்னக் குழாய்) வைத்திருந்தால் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். அந்தத் தேதியை நீங்களே நோட்டில் குறித்து வைத்துக் கேளுங்கள். மறந்துபோன ஸ்டென்ட் கிருமிக்குக் கூடு.

ஒன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரைதான் மருந்தின் முழு அழுத்தமும் உடம்பில் தெரியும். மண் தூசியில் இருக்கும் நோகார்டியா, சாப்பாட்டில் வரும் லிஸ்டீரியா, காசநோய் போன்றவை தலைகாட்டும் காலம் இது. ஆறு மாதத்துக்குப் பிறகு, உறுப்பு நன்றாக வேலை செய்து மருந்தும் குறைந்திருந்தால், ஊரில் எல்லாருக்கும் வருகிற நிமோனியாவும் மூத்திரத் தொற்றும்தான் அதிகம். ஆனால் இடையில் உறுப்பை உடம்பு நிராகரிக்கிறது என்று பெரிய அளவில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள் என்றால், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நோகார்டியாவும் காசநோயும் வருடங்கள் கழித்தும் வரும் என்பதால், "நமக்குத்தான் அஞ்சு வருஷம் ஓடிட்டே" என்று இருந்துவிடக் கூடாது.

அடுத்து, வீட்டில் ஒரு நோட்டு

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு பிபி மெஷின், ஒரு எடை மெஷின். தினமும் காலையில் மூன்றையும் எழுதுங்கள். சிறுநீரகம் மாற்றியவர் என்றால் முதல் சில மாதம் மூத்திர அளவையும் எழுதச் சொல்வார்கள். எப்போதும் 97.8 இருக்கிறவருக்கு இரண்டு நாளாக 99.4 என்றால் அது ஒரு சேதி. எழுதி வைத்தால்தான் அந்தச் சேதி கண்ணில் படும்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரே தாள்: எந்த உறுப்பு, என்றைக்கு மாற்றியது, கொடுத்தவர் யார், இப்போது சாப்பிடும் மருந்தும் அளவும், கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), கடைசி டாக்ரோலிமஸ் அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உறுப்பு மாற்று மையத்தின் கோ-ஆர்டினேட்டர் போன் நம்பர். இதை ஒரு போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைத்துவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு டூட்டி டாக்டர் முன்னால் நிற்கும்போது பத்து வருஷ ஃபைலைப் புரட்டிக் காட்ட முடியாது.

செப்ட்ரானை நிறுத்தாதீர்கள்

மெடிக்கல் ஷாப்பில் செப்ட்ரான் என்று கேட்டால் கொடுப்பார்கள், மருந்தின் பெயர் கோட்ரைமாக்சசோல். பையில் இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான். அதனாலேயோ என்னவோ, மாத்திரை அதிகமாகிவிட்டது என்று தோன்றும்போது ஆட்கள் முதலில் கைவிடுவதும் அதைத்தான். நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சையைத் தடுக்க முக்கியமாகக் கொடுக்கிறார்கள். கூடவே லிஸ்டீரியா, நோகார்டியா, மூத்திரத் தொற்று எல்லாவற்றுக்கும் ஓரளவு அணை போடும். பல மையங்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் உண்டு. தோலில் தடிப்பு, வாய்ப்புண் வந்தாலோ, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றிக் கொடுப்பார். மாற்றிக் கொடுக்கும் மருந்து நோகார்டியாவைத் தடுக்காது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மண் தூசியில் இன்னும் கவனமாக இருங்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாக: வருடா வருடம் ஃபுளூ ஊசி, நிமோனியா ஊசி இரண்டையும் எப்போது போடலாம் என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமி வைத்த தடுப்பு மருந்துகள், வாய் வழி போலியோ சொட்டு, அம்மைத் தடுப்பூசி, பிசிஜி போன்றவை, இவர்களுக்குக் கூடாது.

வயல், சேறு, தூசி

இதைத்தான் நம் ஊர்க்காரர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிசான (மழைக்கால நெல் போகம்) நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருகின்றன. வயலில் தண்ணீர் நிற்கிறது, சேறு கலங்குகிறது. நெல் விளைகிற இந்தச் சேற்றில் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற ஒரு பாக்டீரியா இருக்கக் கூடும். அது உண்டாக்கும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவும், மழைக் காற்றில் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் பலருக்குச் சர்க்கரையையும் கொண்டுவந்துவிடுகின்றன என்பதால் நம் ஆட்களுக்கு இரட்டை ஆபத்து. நுரையீரலில் வந்தால் பார்ப்பதற்குக் காசநோய் மாதிரியே இருக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் வரும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உள்ளே ஒளிந்திருந்தும் கிளம்பும். பழக்கமில்லாத லேபில் இந்தக் கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்றோ, மாதிரியில் கலந்த அழுக்கு என்றோ ஒதுக்கிவிடுவதும் உண்டு. கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது: முதலில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது இரண்டு வாரம் போல, பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமாவது. மாத்திரைக் கட்டத்தில் பாதியில் விட்டால் திரும்பி வரும்.

சேறு ஒரு பக்கம் என்றால், காய்ந்த தூசி இன்னொரு பக்கம். அறுவடை மெஷின் ஓடும்போது எழும் புழுதி, வைக்கோல் படப்பு, எருக்குழியைக் கிளறுவது, தொழுவத்தைக் கூட்டுவது ஆகியவற்றில் நோகார்டியா இருக்கும். மூச்சு வழியாகப் போய் நுரையீரலில் கட்டி கட்டியாக உட்காரும், அங்கிருந்து மூளைக்கும் தோலுக்கும் போகும். வாரக்கணக்கில் இருமல், எடைக் குறைவு, லேசான காய்ச்சல் என்று இதுவும் காசநோய் வேஷம்தான். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி மாதிரியே அரைகுறையாகச் சாயம் பிடிப்பதால் குழப்பம் இன்னும் கூடும். மெதுவாக வளர்வது என்பதால் கல்ச்சரை (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) வழக்கமான நாட்களுக்கு மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலில் உறுதியானால், தலைவலியே இல்லாவிட்டாலும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பயந்துவிடாதீர்கள், அதுதான் முறை. மருந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை போகும்.

வரப்பில் எலி வளை இருந்தால் எலிக்காய்ச்சல். களக்காடு, மணிமுத்தாறு, பாபநாசம் என்று மலையடிவாரப் புதர்ப் பக்கம் ஆடு மேய்க்கவோ விறகு பொறுக்கவோ போனால் ஸ்க்ரப் டைஃபஸ். இவை இரண்டும் எல்லாருக்கும் வருகிறவை, நம் ஆளுக்கு வந்தால் மோசமாகப் போகும், அவ்வளவுதான். ஸ்க்ரப் டைஃபஸ் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் அதிகம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம் என்று மறைவான இடத்தில்தான் இருக்கும் என்பதால், காய்ச்சல் என்றால் வீட்டு ஆளே சட்டையைக் கழற்றித் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. டாக்ஸிசைக்ளின் கேட்கும் நோய். சாதாரண காய்ச்சல் ஊசியெல்லாம் இதைத் தொடாது.

சரி, வயலுக்கே போகாமல் இருக்க முடியுமா? ஆஸ்பத்திரியில் "மண்ணைத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுவார்கள். வயலை யார் பார்ப்பது? நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். முதல் வருடம் அவர் வயல் பக்கமே போகவில்லை, மச்சினன் பார்த்துக்கொண்டான். இப்போது வரப்பில் நின்று மேற்பார்வை, தண்ணீர் முறை பேசுவது, களத்தில் கணக்கு எல்லாம் அவர். சேற்றில் இறங்குவது, மெஷின் பக்கம் நிற்பது, எரு அள்ளுவது, மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பது எல்லாம் மற்றவர். போகிற அன்று முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையுறை, தூசி நாளில் என்95 மாஸ்க். காலில் கீறல் இருந்தால் அன்றைக்கு லீவு. வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல். "என்ன அண்ணாச்சி, பூட்ஸைப் போட்டுட்டு மிலிட்டரிக்காரர் மாதிரி வாரீக" என்று பக்கத்து வயல்காரர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் பழகிவிடும்.

வெள்ளம் வந்தால் கதையே வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டதே, அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் வந்த சேற்றை வழித்துப் போடும் வேலைக்கு உறுப்பு மாற்றியவரை விடவே கூடாது. மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு முதலிலேயே அனுப்பிவிடுங்கள். வெள்ள நீரில் நடந்திருந்தால், எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அந்தச் சமயம் ரோடும் ரயிலும் துண்டித்துப் போனதை நினைத்து, ஐப்பசி பிறக்கும்போதே குறைந்தது இரண்டு வார மாத்திரையை ஒரு தண்ணீர் புகாத பையில் தனியாக வைத்துவிடுங்கள். டாக்ரோலிமஸ் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற மருந்து இல்லை.

ஆற்றுக் குளியலும் குற்றாலமும் முதல் வருடம் வேண்டாம். அதற்குப் பிறகும் தண்ணீர் கலங்கி வரும்போதும், உடம்பில் புண் இருக்கும்போதும் வேண்டாம். கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், சாமி கோபிக்காது.

இதில் மிக முக்கியமானது ஒன்று. சென்னை டாக்டருக்கு நீங்கள் வயலில் இறங்குகிறவர் என்பது தானாகத் தெரியாது. காய்ச்சல் என்று போகும்போது, "நெல்வயல் வேலை உண்டு, போன வாரம் மழையில் நனைந்தார், காலில் புண் இருந்தது, வீட்டில் மாடு உண்டு" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் லேபில் எதைத் தேடுவது என்பதையே மாற்றிவிடும்.

சாப்பாடு

கறந்த பாலைப் பச்சையாகக் குடிக்கவே கூடாது. லிஸ்டீரியா, புரூசெல்லா இரண்டும் அதில் வரலாம். பொங்கப் பொங்கக் காய்ச்சிய பால், அதில் அன்றைக்குத் தோய்த்த தயிர் பிரச்சினை இல்லை. சீம்பால் முழுதாக வேகவைத்தது என்றால் மட்டும். குடிதண்ணீர் கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆறவைத்தது.

லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் கிருமி. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டோம் என்ற தைரியம் அதனிடம் செல்லாது. நேற்றைய குழம்பை ஆவி பறக்கச் சூடாக்காமல் இலையில் ஊற்றாதீர்கள். பழைய சாதத்தில் எனக்கும் அத்தைக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோறு உறுப்பு மாற்றியவருக்கு, அதுவும் முதல் வருடத்தில், வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மரத்திலிருந்து இறக்கிய பதநீரும் அப்படியே. காய்ச்சிய கருப்பட்டியில் கிருமிப் பயம் இல்லை, சர்க்கரைப் பயம்தான். அல்வாவுக்கும் அதே தீர்ப்பு.

ஹாஃப் பாயில், ஆஃப் ஆம்லெட் கூடாது, சால்மொனெல்லா வரும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் புரோட்டா பரவாயில்லை. காலையில் அரைத்து மத்தியானம் வரை வாளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னியைத் தொடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு ஆபத்து. தண்ணீர் வற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நாளுக்கு மேல் போனாலே போன் போடுங்கள். ஆன்டிபயாடிக் முடித்த சில வாரத்துக்குள் வரும் வயிற்றுப்போக்கு என்றால் அதையும் சொல்லுங்கள். கிளாஸ்டிரிடியம் டிஃபிசிலி என்ற குடல் கிருமி அப்படித்தான் வரும். அதற்கு சானிட்டைசர் வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

மூத்திரம்

சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு மிக அதிகமாக வரும் பாக்டீரியாத் தொற்று இதுதான். எரிச்சல் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கலங்கல், நாற்றம், அடிக்கடி போவது, அடிவயிற்றில் புது உறுப்பு வைத்த பக்கம் பாரமோ வலியோ வந்தால் கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுத்தாரையில், லேபில் கொடுத்த டப்பாவில், மருந்து ஆரம்பிக்கும் முன். நம் ஊரில் இ.கோலி, கிளெப்சியெல்லா எல்லாம் சாதாரண மாத்திரைகளுக்கு அடங்காதவையாகப் பெருகிவிட்டதால் கல்ச்சர் பார்க்காமல் மருந்து எடுப்பது குருட்டாம்போக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் மூத்திரத்தில் கிருமி இருக்கிறது என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால், முதல் சில மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

காய்ச்சல் என்றால் அந்த முதல் மணி நேரம்

எல்லையை மையம் சொல்லியிருக்கும். பொதுவாக 100.4. அதற்குக் கீழே இருந்தாலும் குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, புதிதாகக் குழப்பமான பேச்சு, மூத்திரம் குறைவது, வழக்கமாக 130 இருக்கும் பிபி 100-க்குக் கீழே வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அவசரம்தான். 108-க்குப் போன் போட வேண்டிய அவசரம்.

பாராசிட்டமால் கொடுக்கும் முன் அளவை எழுதுங்கள். கொடுத்த பிறகு குறைந்ததை வைத்து "விட்டுருச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். அப்புறம், தெருமுனைக் கிளினிக் பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே நல்ல மனுஷரே இருக்கலாம். ஆனால் "காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டுருங்க" என்று கேட்டால் அவர் போடக்கூடிய டைக்ளோஃபெனாக்கும் ஜென்டாமைசினும் மாற்றுச் சிறுநீரகத்துக்கு நேரடி அடி. டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் அந்த அடி பலமாகும். அரைகுறை ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் உள்ளே போய்விட்டால், பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராமலும் போகும்.

முதல் போன் கோ-ஆர்டினேட்டருக்கு. அவர்கள் "வாங்க" என்பார்கள். மதுரைக்கே மூன்று மணி நேரம், சென்னைக்கு ஒரு ராத்திரி. ஆள் தெளிவாக, பிபி சரியாக இருந்தால் போகலாம். இல்லை என்றால் திருநெல்வேலியிலேயே முதலில் சேர்த்துவிடுங்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சிறுநீரக மருத்துவர் இருக்கும் வேறு பெரிய ஆஸ்பத்திரியோ எதுவும் சரி. அங்குள்ள டாக்டரையும் மாற்று மையத்து டாக்டரையும் போனில் பேச வைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் கூட இருப்பவர் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். பிபி இறங்கிக்கொண்டிருக்கிற ஆளைக் காரில் போட்டு நான்குவழிச் சாலையில் ஓட்டுவதைவிட, இங்கேயே ரத்தம் எடுத்து முதல் ஊசி போட்டு நிலைப்படுத்திக் கொண்டுபோவது உயிருக்கு நல்லது.

ஆஸ்பத்திரியில் மரியாதையாகக் கேளுங்கள்: "ஆன்டிபயாடிக் போடும் முன் இரண்டு இடத்தில் ரத்தக் கல்ச்சர், மூத்திரக் கல்ச்சர் எடுத்துட்டீங்களா சார்? மார்பு எக்ஸ்ரே? கிரியாட்டினின், டாக்ரோலிமஸ் அளவு?" எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் இருமலோ மூச்சு வாங்கலோ இருந்தால் சிடி ஸ்கேன் கேட்பதில் தப்பில்லை. கிருமி இருந்தும் எக்ஸ்ரேயில் நிழல் விழாமல் போவதுண்டு. ஆள் மோசமாக இருந்தால் மட்டும் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. ரத்தத்தை எடுத்த கையோடு ஊசி போட்டுவிட வேண்டும்.

கழுத்து விறைப்பும் தலைவலியும் காய்ச்சலும் சேர்ந்தால், உறுப்பு மாற்றியவர் என்பதை அடித்துச் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் லிஸ்டீரியாவைக் கொல்லாது. ஆம்பிசிலினும் சேர்க்க வேண்டும்.

நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைக் காய்ச்சல் என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரிய தொற்று என்றால் மைக்கோபீனோலேட்டை மருத்துவரே குறைப்பார் அல்லது நிறுத்துவார். பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தினால் பிபி சரிந்துவிடும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் அதை உடனே சொல்லுங்கள், ஊசியாகக் கொடுப்பார்கள்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் டாக்ரோலிமஸைக் கவனியுங்கள்

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றும், சிறுநீரகம் நடுங்கும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகொனசோலும் அப்படித்தான். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர் எதிர்: அளவைத் தரைமட்டமாக்கிவிடும், உடம்பு உறுப்பை நிராகரிக்க ஆரம்பிக்கும். காசநோய் மருந்து அரசு மையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாங்கும் முன் "உறுப்பு மாற்றியவர், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார்" என்று சொல்லி, மாற்று மையத்தையும் கலந்துகொள்ளச் செய்யுங்கள். ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபுட்டின் கொடுப்பார்கள், அல்லது டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டி அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள். எதுவானாலும் அவர்கள் முடிவு.

டாக்ரோலிமஸ் அளவுக்கு ரத்தம் கொடுக்கும் காலையில் மாத்திரையைக் கையில் கொண்டுபோங்கள், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் அந்த ரிப்போர்ட் எதற்கும் உதவாது.

பலர் தவறவிடுவது கடைசிக் கட்டத்தை. தொற்று சரியாகி ஆன்டிபயாடிக்கை நிறுத்துகிறார்கள். அதோடு, மருந்துக்காகக் கூட்டியோ குறைத்தோ வைத்த டாக்ரோலிமஸ் அளவு அப்படியே நின்றுபோகிறது. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் மறுபடி அளவும் கிரியாட்டினினும் பாருங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்தினால் அதன் வேலை அடங்கவே இரண்டு வாரம் போல ஆகும் என்பதால் அதற்கு இன்னும் சில முறை பார்க்க வேண்டியிருக்கும். நிறுத்தி வைத்த மைக்கோபீனோலேட்டை எப்போது, எந்த அளவில் திரும்ப ஆரம்பிப்பது என்று கேட்டு, டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, ஃபைலின் முதல் பக்கத்தையும் அன்றைக்கே புதுசாக எழுதிவிடுங்கள்.